அடியில் இருக்கும் மீனுக்கும் இலை போடுங்கள்

செடி வளர்க்கும் மீன் தொட்டியில் பல வகை மீன்களைச் சேர்த்து வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை ஃப்ளேக்ஸ் (மிதக்கும் செதில் தீனி) தூவுவதோடு சரி. கப்பி மேலேயே மொய்த்துத் தின்றுவிடும். தப்பி இறங்கும் துணுக்குகள் நியான் டெட்ராவுக்கு. அடியில் மேயும் கோரிடோராஸுக்கு என்ன மிஞ்சும்? "அது கிளீனர் மீன், மிச்சத்தைத் தின்னுக்கும்" என்று சொல்லித்தான் பல கடைகளில் விற்கிறார்கள். இந்தப் பேச்சை நம்பியதால் பட்டினியில் செத்த மீன்கள் ஏராளம். கோரி கழிவைத் தின்னாது, பாசியைத் தின்று வாழவும் முடியாது. புரதமுள்ள தீனி அதற்குத் தினமும் வேண்டும்.

3 அடித் தொட்டி, 8 கப்பி, 12 நியான், 6 கோரி, 4 ஓட்டோசிங்க்லஸ் (பாசி மேயும் சிறு மீன், சுருக்கமாக ஓட்டோ) என்று வைத்துக்கொள்வோம். காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து, ஃபில்டரை நிறுத்திவிட்டு, நொறுக்கிய ஃப்ளேக்ஸில் பாதியை ஒரு மூலையில் போடுங்கள். கப்பிகள் அங்கே குவிந்ததும் மீதியை எதிர் மூலையில் நியானுக்குப் போடுங்கள். 2 நிமிடத்தில் தீர்ந்துபோகிற அளவே சரியான அளவு. 5 நிமிடத்தில் ஃபில்டரை மறக்காமல் போட்டுவிடுங்கள். மணிக்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும்.

இரவு விளக்கை அணைத்து அரை மணி கழித்துக் கோரிக்குப் பந்தி: மூழ்கும் சிறு குருணை, மீனுக்கு இரண்டு. தரையில் பாய்போலப் படரும் கார்ப்பெட் செடிக்குள் விழுந்த குருணையை எடுக்க முடியாது. அங்கேயே வெள்ளைப் பஞ்சு பூத்து அழுகும். எண்ணெய் படாத, வண்ணம் பூசாத புது மண் அகல் ஒன்றை அடியில் வைத்து அதில் விழும்படி போடுங்கள். சில நாளில் கோரிகள் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

ஓட்டோ பாசி மேய்வதுதான். ஆனால் பளிச்சென்று இருக்கும் தொட்டியில் மேய என்ன இருக்கிறது? ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்த வெள்ளரி வில்லையை எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இரவில் இறக்குங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஓட்டோவின் வயிற்றைப் பாருங்கள். மெல்ல உப்பியிருந்தால் நல்லது. குழி விழுந்திருந்தால் பல நாள் பட்டினி.

மிஞ்சிய தீனி அம்மோனியாவாக மாறும். பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7-ஐவிட 8-இல் அதன் நச்சுப் பங்கு ஏறத்தாழ 10 மடங்கு. பிஎச் கூடிய போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அதனால்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குட்டி நத்தைகள் திடீரென்று பெருகினால் தீனி மிஞ்சுகிறது என்று பொருள். 2 நாள் தீனியை நிறுத்தி, 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். வளர்ந்த மீன் தாங்கும்; குஞ்சுகளைப் பட்டினி போடக் கூடாது.

சாக்கடைகளில் வாரி வரும் உயிர்ப்புழு வேண்டவே வேண்டாம். உறைய வைத்த ரத்தப்புழுவைக் கிண்ணத்தில் இளக்கி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வாரம் இருமுறை கொடுத்தால் போதும். தீனி டப்பாவைத் தொட்டிக்கு நேர் மேலே பிடித்து உதறாதீர்கள். ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும்.

ஊருக்குப் போனால் 3 நாள் வரை யாரும் தீனி போடத் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, தேதி எழுதிப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். டப்பாவை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.