சிங்கிள் மால்ட்டின் ருசி செம்பில் இருக்கிறது

சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில் வரும் அட்டை டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு மலை ஊற்றைப் பற்றி நாலு வரி இருக்கும். பாறையில் வழிந்து, புதர்களுக்கு நடுவே ஓடி வந்த தண்ணீராம், அதனால்தான் இந்த ருசியாம். விளம்பரம் எழுதுகிறவர்களுக்கும் வேலை வேண்டுமே! வடிக்கும்போது ஆவியாக மேலே போகிற தண்ணீர், தன்னிடம் கரைந்திருந்த உப்பையெல்லாம் கலனிலேயே விட்டுவிட்டுத்தான் போகிறது. ஊற்றுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன், பட்டியல் போட்டால் கடைசி வரியில் வரும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் எனக்குப் பிடித்த வடிசாலைகள் எவை என்று கேட்டால் ஸ்பிரிங்பேங்க், டாலிஸ்கர், மோர்ட்லாக், லாகவூலின், கிளைன்லிஷ் என்பேன். ஒன்று மலையடிவாரத்தில், இரண்டு தீவுகளில், மற்றவை வேறு மூலைகளில், ஆனால் ஐந்திலும் கலன்களையும் குழாய்களையும் தொட்டிகளையும் பார்த்தால் ஏதோ ஒரு கோணல் இருக்கும். அந்தக் கோணல்தான் ருசி.

முதலில் அடிப்படை. முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் இந்த மூன்றை மட்டும் வைத்து, ஒரே வடிசாலையில், பானை வடிவக் கலனில் காய்ச்சி, ஓக் மரப் பீப்பாயில் ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 ஆண்டு வைத்திருந்தால்தான் அது ஸ்காட்ச் சிங்கிள் மால்ட். 40 சதவீத ஆல்கஹாலுக்குக் கீழே பாட்டிலில் அடைக்கக் கூடாது. நிறத்துக்காகக் கொஞ்சம் கேரமல் சேர்க்க மட்டும் சட்டம் அனுமதிக்கிறது, அதனால் அடர் பழுப்பாக இருந்தால் பழைய சரக்கு என்று நம்பிவிட வேண்டாம்.

முளைகட்டிய கேழ்வரகை மென்று பார்த்தால் லேசாக இனிக்கும் இல்லையா, பார்லியிலும் அதேதான் நடக்கிறது. முளைவிடும் விதை, தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தயார் செய்கிறது. முளை அதிகம் வளர்ந்து சர்க்கரையைத் தின்றுவிடுவதற்குள் சூளையில் உலர்த்தி நிறுத்துகிறார்கள். அப்புறம் அரைத்து, 64 டிகிரி வாக்கில் இருக்கும் வெந்நீரில் கலந்தால் சர்க்கரைச் சாறு இறங்கும். அதில் ஈஸ்ட்டைப் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டால் சுமார் 8 சதவீத ஆல்கஹாலோடு ஊறல் ரெடி. ஊற வைக்கும் நேரம் கூடக் கூட ஈஸ்ட் அடங்கி, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும், பழ வாசனை ஏறும்.

ஊறலை இரண்டு முறை காய்ச்சுவது ஸ்காட்லாந்து வழக்கம். முதல் கலனில் 20 சதவீதத்தைத் தாண்டி ஏறும், இரண்டாவதில் 70 வாக்கில் வரும். இரண்டாவது முறை இறங்குவதை மூன்றாகப் பிரிப்பார்கள். முதலில் வரும் காட்டமான தலைப்பகுதியையும் கடைசியில் வரும் எண்ணெய்ப்பிசுக்கான வால்பகுதியையும் திரும்பக் கலனுக்கே அனுப்பிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எங்கே வெட்டுவது என்பதில் ஒவ்வொரு வடிசாலைக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஐலா தீவின் லஃப்ரோய்க் வடிசாலையில் தலைப்பகுதியை முக்கால் மணி நேரம் ஓட விடுகிறார்கள், மற்ற இடங்களோடு பார்த்தால் இது மிக நீளம். முதலில் வரும் இனிப்பான பழ வாசனை அதோடு போய்விடுகிறது, பின்னால் வரும் புகையும் மருந்து வாடையும் தங்கிவிடுகின்றன. லஃப்ரோய்க் ஏன் ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இதுதான்.

சரி, செம்புக்கு வருவோம். பாத்திரமல்ல, உலோகம், இந்தக் கலன்களைச் செய்வதே அதில்தான். ஈஸ்ட்டிலிருந்தும் தானியத்தின் புரதங்களிலிருந்தும் கந்தகச் சேர்மங்கள் உருவாகின்றன. வெந்த முட்டைக்கோஸ், அழுகிய முட்டை, இறைச்சிச் சாறு, இப்படியெல்லாம் வாசம் அடிப்பவை. சூடான ஆவி செம்பில் படும்போது இந்தச் சேர்மங்கள் உலோகத்தோடு வினைபுரிந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. செம்பு நிஜமாகவே தேய்கிறது, சில பத்தாண்டுகளில் சுவர் மெலிந்து கலனையே மாற்ற வேண்டி வரும். ஆக, ஆவி எவ்வளவு நேரம், எவ்வளவு செம்பைத் தொட்டுப் போகிறது என்பதுதான் கேள்வி. கழுத்து உயரமாக இருந்தால் கனமான ஆவி மேலே ஏற முடியாமல் குளிர்ந்து திரும்பக் கீழே விழும், மறுபடி கொதித்து மறுபடி செம்பை உரசும். கிளென்மோரஞ்சி வடிசாலையின் கலன்கள் 5 மீட்டருக்கு மேல் உயரம், அவர்கள் ஒட்டகச்சிவிங்கியைச் சின்னமாக வைத்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான். அங்கே இறங்குவது மெலிதாக, பூ வாசத்தோடு இருக்கும். நல்ல விஸ்கிதான், எனக்குக் கொஞ்சம் சாதுவாகப் படுகிறது.

கழுத்தைத் தாண்டிய பிறகு குளிரவைக்கும் இடம் இன்னும் சுவாரஸ்யமானது. இப்போது பெரும்பாலான வடிசாலைகளில் ஒரு உருளைக்குள் மெல்லிய செப்புக் குழாய்கள் நிறைய நிற்கும், குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும், வெளியே ஆவி படியும். தொடுவதற்குச் செம்பு ஏராளம். பழைய முறை வேறு. நீளமான ஒரே செப்புக் குழாய், போகப் போக ஒடுங்கிக்கொண்டே சுருள் சுருளாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும். ஆவி அதற்குள் போனதுமே சட்டென்று நீராகிவிடும், அதற்கப்புறம் செம்போடு பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. கந்தகம் மிஞ்சும், உடம்பு கனமாகும். டஃப்டவுனில் 1823-ல் தொடங்கிய மோர்ட்லாக் இந்தச் சுருள்களை இன்னும் விடவில்லை. போதாததற்கு ஆறு கலன்களுக்கு இடையே சரக்கைப் பிரித்துப் பிரித்து அனுப்பும் ஒரு தலைசுற்றல் ஏற்பாடு வேறு, கணக்குப் போட்டால் 2.81 முறை வடிக்கிறோம் என்கிறார்கள். கிளாஸில் ஆட்டுக்கால் சூப் வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் அதை வாங்குகிறோம்.

இதெல்லாம் கதை என்று நினைப்பவர்களுக்கு டல்வின்னி வடிசாலையைக் காட்டுவேன். 1986-ல் அங்கே சுருள் தொட்டிகளை எடுத்துவிட்டு நவீனக் குழாய்களைப் போட்டார்கள். பார்லி, ஈஸ்ட், தண்ணீர், கலன் எதுவும் மாறவில்லை, ஆனால் சரக்கின் குணம் மாறிப்போனது. 1995-ல் சுருள்களையே திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள். கம்பெனிக்காரர்கள் செலவழித்து, பராமரிக்கக் கஷ்டமான பழைய சாமானுக்குத் திரும்புகிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா? ஸ்கை தீவின் டாலிஸ்கர் 1960-ல் தீப்பிடித்து எரிந்தபோதும் இதே பயம்தான். பழைய கலன்களை அச்சு அசலாக நகலெடுத்துத்தான் மறுபடி நிறுவினார்கள். அங்கே முதல் கலனிலிருந்து போகும் குழாய் ஆங்கில 'யு' எழுத்தைப் போல வளைந்து இறங்கி ஏறுகிறது, வளைவில் தேங்குவது ஒரு சின்னக் குழாய் வழியாகக் கலனுக்கே திரும்பிவிடும். அதைத் தாண்டியதுதான் சுருளுக்குப் போகும். முதலில் செம்பை அதிகமாகத் தொட வைத்துவிட்டு, அப்புறம் குறைத்துவிடுகிறார்கள். எண்ணெய்ப்பதமும் மிளகுக் காரமும் சேர்ந்து வரும் டாலிஸ்கரின் குணத்தை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

புகை விஷயத்தில் இதற்கு நல்ல சோதனை ஐலா தீவில் இருக்கிறது. புகை வருவது பீட்டிலிருந்து. சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கி இறுகிய கரிமண் அது. முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் காயவைக்கும்போது புகை வாசம் தரும் ஃபீனால் என்ற சேர்மங்கள் ஒட்டிக்கொள்கின்றன. அளவை மால்ட்டில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள், பாட்டிலில் இருப்பது அதைவிட மிகக் குறைவு. லாகவூலின், கல் ஈலா இரண்டு வடிசாலைகளும் ஒரே தீவு, ஒரே முதலாளி, போர்ட் எல்லனில் தயாராகும் மால்ட்தான் இரண்டுக்கும், புகையளவும் இரண்டிலும் 35 வாக்கில்தான். ஆனால் கல் ஈலா மெலிந்து, எலுமிச்சை வாசத்தோடு சுத்தமாக இருக்கும், லாகவூலின் கெட்டியாக, இனிப்பாக, அடுப்பங்கரைக் கரியோடு வரும். லாகவூலினில் கலனை ஏறக்குறைய வாய்வரை நிரப்புகிறார்கள். மேலே காலியிடம் கம்மி, ஆவிக்குத் தொடச் செம்பும் கம்மி, குழாயும் செங்குத்தாகக் கீழே சாய்ந்திருப்பதால் கனமானதும் வழுக்கிப் போய்விடும். கல் ஈலாவில் பெரிய கலனில் குறைவாக ஊற்றுவதால் எல்லாம் தலைகீழ். விஸ்கியை ஊர்வாரியாகப் பிரித்து வகுப்பெடுப்பவர்கள் இந்த இரண்டையும் எந்தக் கட்டத்தில் போடுவார்களோ!

ஸ்காட்லாந்தின் கேம்பெல்டவுன் ஊரில் ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேல் வடிசாலைகள் இருந்தன, இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் 1828-லிருந்து ஓடும் ஸ்பிரிங்பேங்க், தனக்கு வேண்டிய பார்லி முழுவதையும் தானே தரையில் பரப்பி, ஆள் வைத்துப் புரட்டி முளைகட்டுகிறது. முதல் கலனுக்கு அடியில் நேரடித் தீ, அடிப்பிடிக்காமலிருக்க உள்ளே செப்புச் சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும். பெரும்பகுதியை மூன்று முறையும் மிச்சத்தை இரண்டு முறையும் வடித்துக் கலப்பதை இரண்டரை முறை என்கிறார்கள். விலையைத்தான் இப்போது கேட்க முடிவதில்லை.

கிளைன்லிஷின் ரகசியம் இன்னும் விசித்திரம். அதன் அடையாளமே மெழுகு போன்ற ஒரு வழவழப்பு. அது எங்கிருந்து வந்தது என்றால், தலைப்பகுதியும் வால்பகுதியும் சேரும் தொட்டியில் வருடக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப்பிசுக்கிலிருந்து! நல்ல எண்ணத்தில் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவியதும் மெழுகு காணாமல் போனது. அதன் பிறகு அந்தப் பிசுக்கை மரியாதையாகவே நடத்துகிறார்கள்.

பீப்பாயை விட்டுவிட்டாயே என்று கேட்பீர்கள். உண்மைதான், கேரமல் சேர்க்காவிட்டால் நிறம் முழுக்கவும் வாசனையில் பெரும்பங்கும் மரம் தருவதுதான். ஓக்கைச் சூடாக்கும்போது மரத்திலுள்ள லிக்னின் உடைந்து, வெனிலா வாசம் தரும் வெனிலின் வரும், உள்புறம் கரிந்திருந்தால் அந்தக் கரி மிச்சக் கந்தகத்தையும் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்குப் புதுப் பீப்பாய்தான் என்று சட்டம் இருப்பதால் பழசெல்லாம் ஸ்காட்லாந்துக்கு வந்துவிடுகிறது. அங்கே குளிரில் ஆண்டுக்கு 2 சதவீதம் வாக்கில் ஆவியாகிறது, பெங்களூரு அம்ருத் வடிசாலையில் அது 10 சதவீதத்தைத் தாண்டும், அதனால்தான் அவர்கள் சரக்கு நாலைந்து வருடத்திலேயே பழுத்துவிடுகிறது. ஆனால் கலனிலிருந்து மெலிதாக இறங்கியதை எந்தப் பீப்பாயில் போட்டாலும் மோர்ட்லாக் ஆகாது.

கடைசியாக, தண்ணீர் ஊற்றலாமா என்ற சண்டை. 2017-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். புகை வாசத்துக்கு முக்கியமான குவாயகோல் மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதம் வரை உள்ள கலவையில் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது, 59-ஐத் தாண்டினால் ஆல்கஹால் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. மூக்குக்கு எட்டுவது மேலே நிற்பதுதான். அந்தக் கணக்குப்படி, பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்த 57, 58 சதவீதச் சரக்கை 45-ஐ நோக்கி இறக்கத் தயங்காமல் கொஞ்சம் தண்ணீர் விடலாம். 43 சதவீதத்தில் வரும் 16 ஆண்டு லாகவூலினுக்கு வேலையை முன்பே அவர்கள் முடித்துவிட்டார்கள், நான் அதில் எதுவும் சேர்ப்பதில்லை.