89-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கு இல்லையாமே!

இந்த மாதத்தில் என் வக்கீல் ஆபீஸுக்கு இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். நாலாக மடித்த ஜெராக்ஸைப் பிரித்தால் விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. "எனக்கு 1985-லயே கல்யாணம் ஆயிடுச்சுங்க. 89-க்கு முன்னாடி ஆனவங்களுக்குப் பங்கு இல்லையாமே. ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான் அக்கான்னு தம்பி சொன்னான், போட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா.

வீடு யார் வாங்கியது என்று கேட்டேன். அப்பா மில்லில் வேலை பார்த்து, லோன் போட்டு வாங்கியதாம். உயில் எதுவும் எழுதாமலே போய்விட்டார். அப்படியென்றால் 1989-க்கும் இந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பத்திரம் பதிவாகி நாலு வருஷம் ஆகிவிட்டது.

எத்தனை முறை சொன்னாலும் போகாத குழப்பம் இது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், மனைவி, மகன், மகள், அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவர் என எல்லோருக்கும் சம பங்கு. இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. 1989-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. அதில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை என்றது. 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களை மட்டும் விலக்கியது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அப்பா கட்டிய வீடு, வாங்கிய மனை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பூர்வீகத்திலும் அந்தக் கதை என்றோ முடிந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்திய அரசின் திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்ப்பதில்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தத் தீர்ப்பைச் செய்தியில் பார்த்துவிட்டு அக்கா தங்கைகள் வந்தார்கள். அதைவிட வேகமாக அண்ணன் தம்பிகள் வந்தார்கள், விடுதலைப் பத்திரம் எழுத!

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப் பிரிவினை ஆனதையோ விற்றதையோ இந்தத் தீர்ப்பை வைத்துக் கிளற முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் உரிமை இல்லை, மகனுக்கும் இல்லை. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

அந்த அம்மாவின் பத்திரத்தில் "எனது பாகத்துக்காக ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு" என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை. வாங்கினீர்களா என்றேன். அன்றைக்கு மதியச் சாப்பாடும் திரும்பிப் போக பஸ் காசும் கொடுத்தானாம். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று தெரிய வந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் ரத்து கேட்டு வழக்குப் போடலாம். "படித்துக் காட்டித்தானே கையெழுத்து வாங்கினோம், அன்றைக்கே தெரியும்" என்று எதிர்த்தரப்பு நிற்கும். அதை உடைப்பதற்குள் எங்களுக்கே மூச்சு வாங்கும்.

தயவுசெய்து, கையெழுத்துக்கு முன்னால் தாய்ப் பத்திரத்தைக் கேளுங்கள். சொத்து அப்பாவுக்கு எப்படி வந்தது என்பது அதில்தான் இருக்கும். பட்டா தம்பி பேரில் மாறிவிட்டது என்றால் பயப்படாதீர்கள், பட்டா மாறியதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. வில்லங்கத்தை, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரத்தை, பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். தம்பிக்கே விட்டுக்கொடுக்க மனசு இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். என்ன கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். பத்திர வரைவை வீட்டுக்கு எடுத்துப் போய், நீங்கள் நம்பும் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இன்னிக்கு டோக்கன் போட்டாச்சு அக்கா" என்று அவசரப்படுத்தினால், நாளைக்கும் டோக்கன் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருங்கள்.