லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்: நெம்புகோல் துப்பாக்கி

விசையைச் சுற்றி வளையமாக இருக்கும் இரும்புப் பிடியை முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே தெறிக்கும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். இப்படி வேலை செய்வதுதான் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். தமிழில் நெம்புகோல் இயக்கத் துப்பாக்கி, சுருக்கமாக நெம்புகோல் துப்பாக்கி.

‘ஆக்‌ஷன்’ என்பதைச் ‘செயல்’ என்று பெயர்த்தால் பொருள் கெட்டுப்போகும். துப்பாக்கித் தொழிலில் அது ஒரு உறுப்புத் தொகுதியின் பெயர். தோட்டாவை ஏற்றுவது, குழலின் பின்வாயைப் பூட்டுவது, சுட்ட பிறகு கூட்டை உருவி எறிவது எல்லாம் அந்தத் தொகுதியின் வேலை. ‘இயக்கம்’ அல்லது ‘இயங்கமைப்பு’ சரியாகப் பொருந்தும்.

லீவர், உயர்த்துதல் என்று பொருள்படும் லத்தீன் ‘லெவாரே’ பிரெஞ்சு வழியாக வந்த வடிவம். கல்லையோ மரத்தையோ கோலை நுழைத்துக் கிளப்புவதை நாம் நெம்புதல் என்கிறோம், ஆகவே நெம்புகோல் கச்சிதமான இணை. ரைஃபிள், கீறுவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது; குழலின் உட்சுவரில் வெட்டிய திருகுபுரிதான் அந்தக் கீறல். இதை வைத்துப் புரிதுமுக்கி என்று எழுதுவோரும் உண்டு. துப்பாக்கி என்பதே துருக்கியின் ‘துஃபெக்’ வழி வந்ததுதான் என்றாலும் நம் வாயில் ஊறிவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. புரியைச் சுட்டியே ஆகவேண்டிய இடத்தில் மட்டும் புரித்துப்பாக்கி எனலாம்.

அமெரிக்காவில் பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற .44 அளவுத் (அங்குலக் கணக்கு) துப்பாக்கிதான் இந்த வகையை நிலைநிறுத்தியது. குழலுக்கு அடியில் இன்னொரு நீள்குழாய், அதில் 16 தோட்டா. வின்செஸ்டர் 1866 மாதிரியில் பக்கவாட்டு ஏற்றுவாசல் வந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாதிரியும் மார்லின் 336-ம் மான் வேட்டைக்காரர்களிடம் .30-30 தோட்டாவோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன.

உள்ளே நடப்பதை மார்லினில் பார்க்கலாம். நெம்புகோல் இறங்கும்போது முதலில் பூட்டுக்கட்டை கீழே விலகும். பிறகு குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பின்னால் போகும். அதன் கொக்கி காலிக்கூட்டை உருவும். போல்ட்டின் அடிப்பாகம் சுத்தியலை மடக்கி நிறுத்தும். நீள்குழாயிலிருந்து ‘தூக்கி’ என்னும் ஏற்றுத்தட்டின்மேல் வந்து விழுந்த தோட்டா மேலே உயரும். நெம்புகோலை மூடும்போது போல்ட் அதைத் தள்ளி ஏற்றிப் பூட்டிக்கொள்ளும்.

புதியவர்களுக்கு வரும் சிக்கலில் பெரும்பகுதி அரைவீச்சால் வருவது. மெதுவாக, பாதி தூரம் தள்ளினால் கூடு தெறிக்காது, அல்லது அடுத்த தோட்டா வந்து சேராது. இரண்டு பக்கமும் முட்டும்வரை, தயங்காமல் வீச வேண்டும். மார்லினுக்கென்றே இன்னொரு கோளாறு உண்டு: நெம்புகோலின் கூர்விளிம்பு தூக்கியின் அடியை நாளடைவில் அரித்துவிடும். அரித்ததும் நேரம் பிசகி இரண்டாவது தோட்டா தூக்கிக்கு அடியில் நுழைந்துகொள்ளும். நெம்புகோல் அசையவே அசையாது. விளிம்பை மெல்லிய சாணைக்கல்லால் உருட்டி, அரித்த தூக்கியை மாற்றினால் தீரும். நீள்குழாயில் கூர்முனைத் தோட்டா போடவே கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் பின்னதன் கூர்முனை முன்னதன் அடியிலுள்ள பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் குமிழ்) பதிந்திருக்கும், உதைப்பில் வெடிக்கலாம். தட்டைமுனை அல்லது நெகிழும் பாலிமர் முனைதான் பாதுகாப்பு.

இப்போது சந்தையில் பேசப்படும் ‘மாடர்ன் லீவர் ஆக்‌ஷன்’ இதே எலும்புக்கூட்டுக்கு வேறு உடை. 2020-இல் ஹென்றி நிறுவனத்தின் எக்ஸ் மாதிரி வந்தது (பழைய பெஞ்சமின் ஹென்றிக்கும் இந்த நிறுவனத்துக்கும் பெயர்தான் தொடர்பு). அதே ஆண்டு ரூகர் மார்லினை வாங்கி, பின்னர் அதன் டார்க் வரிசையை மீண்டும் கொண்டுவந்தது. 2024-இல் ஸ்மித் அண்ட் வெசன் 1854 வந்தது. வால்நட் கட்டைக்குப் பதில் பாலிமர், துணைக்கருவி மாட்ட எம்-லாக் துளைகள் வெட்டிய முன்பிடி, மேலே குறிகாட்டி மாட்டும் பிக்காட்டினி தண்டவாளம், மரையிட்ட குழல்முனை, கையுறையோடு விரல் நுழையும் பெரிய வளையம் ஆகியவை இந்த வகையின் அடையாளங்கள். பூட்டும் முறை அப்படியே இருக்கிறது. அதனால் இவற்றை ‘நவீன’ என்பதைவிடப் ‘புதுக்கிய நெம்புகோல் துப்பாக்கி’ என்பதே உண்மைக்கு நெருக்கம்.

பழையதை விரும்புவோரின் மனத்தாங்கலை வெறும் ஏக்கமென்று தள்ள முடியாது. பழைய வின்செஸ்டர் 94-ஐச் சமநிலைப் புள்ளியில், இயங்கமைப்பு அடங்கிய உடல்பெட்டியைச் சுற்றி ஒரே கையால் பிடித்து நாள்முழுக்க நடக்கலாம். அங்கே தொலைநோக்கி உட்கார்ந்துவிட்டால் அந்தப் பிடி போயிற்று. முன்பிடியில் விளக்கும் பட்டையும் மாட்டினால் எடை முன்னால் சாய்ந்து, சட்டென்று தோளேறும் குணமும் குறையும். மறுபக்கத்தின் வாதமும் வலுவானது. மங்கிய வெளிச்சத்தில் காட்டுப்பன்றியைச் சுடுபவருக்குச் சிவப்புப்புள்ளிக் குறிகாட்டி பெரிய உதவி. ஒலியடக்கி மாட்டினால் காது பிழைக்கும். சுட்ட பிறகும் நெம்புகோலை அசைக்கும்வரை போல்ட் பூட்டியே இருப்பதால் அரைத்தானியங்கி வகைகளைப்போல் புகை முகத்தில் அடிப்பதும் இல்லை. அரைத்தானியங்கிகளுக்குக் கெடுபிடி உள்ள அமெரிக்க மாநிலங்களில் சட்டச் சிக்கல் குறைவு என்பதும் ஒரு காரணம். தண்டவாளமும் மரையிட்ட முனையும் காசுக்குத் தகும். முன்பிடி நெடுக வெட்டிய துளைகளில் பெரும்பாலானவை காலியாகவே கிடக்கும்.

மாட்டுகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். மார்லின் 1895 எஸ்பிஎல் முனையில் உள்ள மரை 11/16-24, அதில் .30 அளவு ஒலியடக்கியை இணைப்புவளையம் போட்டு மாட்டினால் இந்தத் துப்பாக்கியின் .45-70 குண்டு அதன் தடுப்புகளைக் கிழித்துவிடும், .458-க்கு மேற்பட்ட துளை வேண்டும். அடுத்தது தண்டவாளத்தின் திருகாணிகள்: எண்ணெயைத் துடைத்து, நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு வைத்து, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கில் இறுக்க வேண்டும். நீளம் கூடிய ஆணி உடல்பெட்டிக்குள் நீட்டிப் போல்ட்டை உரசும்.

சொல்லின் எல்லையையும் குறித்துவிடலாம். 1895 வின்செஸ்டரில் நீள்குழாய் கிடையாது, பெட்டி அறை. அதுவும் நெம்புகோல் துப்பாக்கியே. ஏஆர் வகை (அரைத்தானியங்கி ரைஃபிள்) தோட்டாப்பெட்டி மாட்டும் பாண்ட் ஆர்ம்ஸின் புதிய எல்விஆர்பி-யும் அப்படியே. ஸ்பென்சர் துப்பாக்கியில் சுத்தியலைக் கட்டைவிரலால் தனியே மடக்க வேண்டும், ஆனாலும் தோட்டாவை ஏற்றுவது நெம்புகோல் என்பதால் அதுவும் இதில் அடங்கும். பிரிட்டிஷ் படை 1871-இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றியிலும் அடியில் நெம்புகோல் உண்டு. ஆனால் தோட்டாக்களைச் சேர்த்துவைக்கும் குழாயோ பெட்டியோ இல்லை, ஒவ்வொன்றையும் கையால் வைக்க வேண்டும். அதை ஒற்றைச் சூட்டுத் துப்பாக்கி என்று தனியே வைப்பதே வழக்கம்.