ஏ.டி.எம். கார்ட்டோடு வெளிநாடு போகுமுன் கிளையில் முடிக்க வேண்டிய வேலைகள்

என் சின்னம்மாவுக்கு மதுரையில் கண் ஒப்பரேஷன். போவதற்கு ஒரு வாரம் முன்பு இலங்கை மலையகத்தின் ஹட்டனில் தன் வங்கிக் கிளைக்குப் போய், "இந்தக் கார்ட் இந்தியாவில வேலை செய்யுமா மிஸ்?" என்று கேட்டார். "ஓ, செய்யும், போங்க" என்று பதில் வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். மதுரையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஏ.டி.எம்.மில் மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் மறுத்துவிட்டது. கணக்கில் காசு இருந்தது, பின் நம்பரும் சரி. அந்தக் கார்ட்டில் வெளிநாட்டுப் பாவனை திறக்கப்பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். அதைத் திறக்க ஒரு படிவமும் ஐந்து நிமிஷமும் போதும். கேட்ட அன்றைக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி, தங்கியிருந்த வீட்டுக்காரரிடம் கடன் கேட்டு நின்றார் சின்னம்மா. அறுபது வயதுவரை கொழுந்து பறித்துச் சேர்த்த காசு கணக்கிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கமிருந்து வைத்தியத்துக்கும், வேளாங்கண்ணிக்கும், வளைகுடா வேலைக்கும் போகிற பலரோடு வங்கிக்குப் போய்விட்டேன். கிளை மாறினாலும் சிக்கல் ஒரே மாதிரித்தான் வருகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், இலங்கை வங்கிக் கணக்கின் டெபிட் கார்ட்டை வெளிநாட்டில் சொந்தச் செலவுக்குப் பாவிக்கலாம். சாப்பாடு, தங்குமிடம், மருந்து, ஆஸ்பத்திரி பில், படிப்புச் செலவு எல்லாம் அதில் அடங்கும். கிரிப்டோ என்கிற டிஜிட்டல் காசு வாங்கப் பாவிக்கக் கூடாது என்று மத்திய வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே யாராவது "சட்டப்படி ஏலாது" என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், எந்தச் சட்டம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிளையில் எப்படிக் கேட்பது

"வேலை செய்யுமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் "செய்யும்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது இப்படி: "இந்தக் கார்ட்டில் வெளிநாட்டுப் பாவனையைத் திறந்து தாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை திறந்திருக்கிறது என்று எழுதித் தாருங்கள்."

தேதியை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில வங்கிகள் பயண டிக்கெட்டில் உள்ள நாட்களுக்கு மட்டும் திறந்துவிட்டு, பிறகு தானாகவே மூடிவிடும். ஆஸ்பத்திரியில் பத்து நாள் என்று சொல்லி இருபது நாள் வைத்திருந்தால், பதினோராம் நாள் கார்ட் செத்துவிடும். வைத்தியத்துக்குப் போகிறவர்கள் டிக்கெட் தேதிக்கு மேலே ஒரு மாதம் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று. ஏ.டி.எம்.மில் காசு எடுப்பது, கடையில் கார்ட்டைப் போட்டு வாங்குவது, இன்டர்நெட்டில் கட்டுவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அனுமதி வைத்திருக்கிற வங்கிகள் உண்டு. கடைக்கு மட்டும் திறந்துவிட்டு "திறந்தாச்சு" என்று சொன்ன இடத்தை நானே பார்த்திருக்கிறேன். மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் கேளுங்கள். உள்ளூர் வரம்பு வேறு, வெளிநாட்டு வரம்பு வேறாக இருக்கலாம்.

கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் மூன்றின் பிரதியையும் முதல் தடவையே கையில் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் "நாளைக்குக் கொண்டு வாங்க" என்பார்கள். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்து போக ஒரு நாள் சம்பளம் போய்விடும். அந்த நாளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

கார்ட்டே கிடைக்காமல் போகிற இடங்கள்

கைநாட்டு வைத்துத் திறந்த கணக்குக்குப் பெரும்பாலும் கார்ட் கொடுப்பதில்லை. நம் தோட்டங்களில் வயதான பெண்கள் அனேகம் பேருடைய கணக்கு இப்படித்தான். பெயரை எழுதப் பழகியிருந்தால், கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். அது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசு எடுக்கலாம் என்று திறந்த கூட்டுக் கணக்குக்கும் கார்ட் வராது. "இருவரில் ஒருவர்" என்று மாற்றினால் வரும். புருஷனும் பொஞ்சாதியும் ஒன்றாகக் கிளைக்குப் போக வேண்டும். ஒருவர் ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தால் இந்த மாற்றம் பெரிய அலைச்சல், ஆகவே போகுமுன்பே செய்துவிடுங்கள்.

கையில் இருக்கிற கார்ட்டைத் திருப்பிப் பாருங்கள். விசா அல்லது மாஸ்டர்கார்ட் அடையாளம் இருக்க வேண்டும். பழைய கார்ட் சிலவற்றில் "இலங்கைக்குள் மட்டும்" என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். அதை எத்தனை படிவம் நிரப்பினாலும் வெளிநாட்டில் திறக்க முடியாது, புதுக் கார்ட்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பாஸ்போட்டில் ஒரு எழுத்து, கார்ட்டில் இன்னொன்று. பிறப்புப் பதிவு செய்த காலத்தில் யாரோ கேட்ட மாதிரி எழுதிவைத்த பிழைக்கு இன்றைக்கும் நாம்தான் அலைகிறோம். ஏ.டி.எம். இயந்திரம் பெயரைப் பார்ப்பதில்லை. ஆனால் ஹோட்டலிலும் ஆஸ்பத்திரிக் கவுண்டரிலும் கார்ட்டையும் பாஸ்போட்டையும் சேர்த்துக் கேட்டால் பிரச்சினை வரும். புதுக் கார்ட் எடுக்கும்போது, பாஸ்போட்டில் உள்ள எழுத்திலேயே பெயரை அச்சடிக்கச் சொல்லுங்கள்.

தோட்ட விலாசம்

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, என்று தனி விலாசம் இல்லை. கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகிறது. கார்ட்டோ, பின் நம்பர் உள்ள உறையோ தபாலில் வந்தால், ஆபீசில் மற்றக் கடிதக் கட்டோடு கிடக்கும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு. ஒரு தங்கச்சிக்கு வந்த பின் உறையை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஓரம் கிழிந்து, பசை காய்ந்து, உள்ளே இருக்கிற தாள் பாதி வெளியே தெரிந்தது. அவள் விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் இருந்தது. அந்த பின்னைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி, அன்றைக்கே கிளைக்குக் கூட்டிப்போய்ப் புது பின் எடுத்தோம்.

கார்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே "தபாலில் அனுப்ப வேண்டாம், கிளையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று படிவத்தில் எழுதுங்கள். கிடைத்தவுடன் ஹட்டனிலேயோ நுவரெலியாவிலேயோ ஒரு ஏ.டி.எம்.மில் போட்டு ஐந்நூறு ரூபாய் எடுத்துப் பாருங்கள். ஒருமுறையும் பாவிக்காத கார்ட்டோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.

ஃபோன் நம்பர்

வங்கியில் பதிந்திருக்கிற நம்பர் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா? இன்டர்நெட்டில் கட்டும்போது ஓ.டி.பி. என்கிற ஒருமுறை ரகசிய எண் அந்த நம்பருக்குத்தான் வரும். அங்கே போய் இலங்கை சிம்மைக் கழற்றிவிட்டு இந்திய சிம்மைப் போட்டால், ஓ.டி.பி. வராது. காசு எடுபட்ட எஸ்.எம்.எஸ். வராது. யாராவது திருடினாலும் தெரியாது. புறப்படுமுன் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்ய ரோமிங்கைத் திறந்து, கொஞ்சம் காசு போட்டு வையுங்கள். மகனுடைய நம்பரைக் கொடுத்துத் திறந்த கணக்கு என்றால், கிளைக்குப் போய் உங்கள் நம்பருக்கு மாற்றுங்கள்.

பல கணக்கு வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். வெளிநாட்டு இயந்திரம் பெரும்பாலும் கார்ட்டோடு முதலாவதாக இணைத்த கணக்கிலிருந்துதான் எடுக்கும். காசு இரண்டாவது கணக்கில் இருந்தால் "பணம் போதாது" என்று வரும். எது முதல் கணக்கு என்று கேட்டு, காசை அதில் போட்டுவிட்டுப் போங்கள்.

இயந்திரத்தின் முன்னால்

கணக்கு வகை கேட்டால் "சேவிங்ஸ்" என்பதை அழுத்துங்கள். அதற்குப் பிறகு சில இயந்திரங்கள் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் நாட்டு ரூபாயிலேயே கணக்குப் போடட்டுமா? இலங்கை ரூபாயில் ஒரு தொகையைக் காட்டி, கீழே "அக்செப்ட் கன்வர்ஷன்", "டிக்ளைன் கன்வர்ஷன்" என்று இரண்டு பட்டன் வரும். டிக்ளைன் என்றால் காசே வராது என்று பயந்து எல்லாரும் அக்செப்டை அழுத்துகிறார்கள். அழுத்த வேண்டியது டிக்ளைன்தான். காசு வரும், பயப்படாதீர்கள். அக்செப்டை அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் தன் இலாபத்தைச் சேர்த்துப் போடும் மாற்று விலையில் உங்கள் காசு போகும். கடையிலும் இதே கேள்வி வரலாம். "இந்திய ரூபாயிலேயே போடுங்க" என்று வாயால் சொல்லுங்கள், பில்லில் கையெழுத்துப் போடுமுன் எந்தக் காசு என்று பாருங்கள்.

ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் நம் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், அதற்கு மேலே மாற்று விலையில் ஒரு வீதமும் சேரும். அங்குள்ள வங்கியும் தன் பங்கை எடுக்கலாம். மீதி பார்ப்பதற்குக்கூடக் கட்டணம் விழும் வங்கிகள் உண்டு. ஆகவே ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல், இரண்டு மூன்று நாள் செலவைச் சேர்த்து எடுங்கள். கட்டணப் பட்டியலைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். நமக்கு விளங்குகிற மொழியில் விளக்கம் தருவது வங்கியின் கடமை. மத்திய வங்கியின் 2023 ஆம் ஆண்டு நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை நினைவுபடுத்தினால் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியா போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். 2024 பெப்ரவரியில் இந்தியாவின் ஃபோன் வழிப் பணம் கட்டும் முறையான யூ.பி.ஐ. இலங்கையில் தொடங்கியதால், நம் ஃபோனாலும் அங்கே டீக்கடையில் ஸ்கேன் பண்ணிக் கட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது இங்கே வரும் இந்தியர்களுக்கான வசதி. ஸ்கேன் பண்ணிக் கட்டும் நம்முடைய லங்கா கியூ.ஆர். அங்கே எடுபடும் என்று நம்பிப் போகாதீர்கள். சின்னக் கடை, ஆட்டோ எல்லாவற்றுக்கும் கைக்காசு வேண்டும். இலங்கை ரூபாயைக் கட்டாகக் கொண்டுபோவதிலும் பயனில்லை, 20,000 ரூபாய்க்கு மேல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதியும் இல்லை. முதல் இரண்டு நாளுக்குப் போதுமான வெளிநாட்டுக் காசை வங்கியிலேயே மாற்றிக்கொண்டு போங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள்

இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகிறீர்கள். கார்ட்டின் முன்பக்கத்தில் மாதமும் வருஷமும் இருக்கிறது, அதைப் பாருங்கள். நடுவில் முடிகிறது என்றால் இப்போதே புதுக் கார்ட் கேளுங்கள். "இன்னும் காலம் இருக்கே, முடியிற நேரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். கட்டாரிலிருந்து எப்படி வருவது? டிக்கெட்டைக் காட்டி, முகாமையாளரிடமே போய்க் கேளுங்கள்.

கார்ட்டையும் பின்னையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதனால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்னை நீங்களே கொடுத்திருந்தால், எடுபட்ட காசுக்கு வங்கி பொறுப்பேற்காது. வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு திறந்து, அதற்கு மட்டும் மாதா மாதம் அனுப்புங்கள். உங்கள் சேமிப்புக் கணக்கின் கார்ட் உங்களோடு இருக்கட்டும். ஏஜென்சிக்காரர் "சம்பளம் போடணும், கார்ட்டையும் பின்னையும் தாங்க" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். சம்பளம் போடக் கணக்கு நம்பர் போதும். வற்புறுத்தினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

காசு வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால்

இயந்திரம் தரும் துண்டை எறியாதீர்கள். துண்டு வராவிட்டால் இயந்திரத்தின் முகப்பையும், அதில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் படம் எடுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். அங்குள்ள வங்கி "உங்க பேங்க்ல கேளுங்க" என்று சொல்லும். இங்குள்ள கிளை "அங்க கேளுங்க" என்று சொல்லும். கேட்க வேண்டியது கார்ட் கொடுத்த நம் வங்கியிடம்தான். விசா, மாஸ்டர்கார்ட் வழியாக முறைப்பாட்டை அனுப்புவது அவர்கள் வேலை. வாயால் சொன்னால் எந்தப் பதிவும் இருக்காது. எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இதற்குக் கால எல்லை உண்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைக்காதீர்கள். நீங்கள் அங்கேயே இருந்தால் வங்கியின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்.

வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லை என்றால், மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முதலில் வங்கிக்கு எழுதினீர்களா என்றுதான் கேட்பார்கள். முத்திரை வாங்கிய அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.