சேகோ ஆலை வடிப்பதும் ஆய்வகம் பிடிப்பதும்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனாலும், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைப் பக்கம் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். குச்சிக்கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, சலித்து, பாலைத் தொட்டியில் விடுவார்கள். திப்பி தனியாகப் போகும், மாவு அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிடுவார்கள். அந்த வாடை பெரும்பாலும் இந்தத் தண்ணீருடையது.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில், அதுவும் தாவரத்தினுடையதில், முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவரின் காலைப்பொழுதும் ஏறக்குறைய இதுதான், தலைகீழாக. அவர் பெரும்பாலும் உருளைக்கிழங்கை எடுத்து, பனிக்கட்டிக் குளிரில், சர்க்கரை கலந்த கரைசலில் அரைப்பார். வெறும் தண்ணீர் என்றால் மைட்டோகாண்ட்ரியா உப்பி வெடித்துவிடும். துணியில் வடிகட்டி மையவிலக்கியில் சுற்றினால் முதலில் மாவு படியும். அது அவருக்குக் குப்பை. மேலே நிற்கும் கலங்கலை இன்னும் வேகமாகச் சுற்றும்போது அடியில் ஒட்டுகிற மெல்லிய படிவுதான் அவருக்கு வேண்டியது. இலையிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு, ஆனால் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். கிழங்கில் அந்தத் தொல்லை இல்லை.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய புரதங்களில் மிகச் சிலவற்றைத்தான் அது தானே செய்துகொள்கிறது. மற்றவை வெளியே, செல்லின் மற்ற பகுதியில் தயாராகி, தலைப்பில் ஒரு முகவரித் துண்டோடு வந்து சேர்கின்றன. உள்ளே வந்ததும் ஒரு நொதி அந்தத் துண்டை நறுக்கிவிடும். தாவரங்களில் இந்தக் கத்தரிக்கோல் ஆற்றல் தயாரிப்பில் ஈடுபடும் சுவாசச் சங்கிலியின் மூன்றாவது புரதக் கூட்டமைப்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது.

சரி, நறுக்கிய துண்டு என்ன ஆகும்? அதன் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். அப்படிப்பட்டது சவ்வில் போய்ச் செருகிக்கொள்ளும். சவ்வு ஒழுகினால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் உற்பத்தி படுத்துவிடும். இந்தத் துண்டுகளைத் தின்று தீர்க்கும் நொதியை ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் எல்ஸ்பியெட்டா கிளேசர் குழு 2002-இல் அடையாளம் கண்டது, உருளைக்கிழங்கு மைட்டோகாண்ட்ரியாவில்தான். பெயர் பிரெப். அதே வகை நொதி மனித மைட்டோகாண்ட்ரியாவிலும் உண்டு. அல்சைமர் நோயில் பேசப்படும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டையும் அது வெட்டுகிறது.

வெட்டுவது பெரிய வித்தை இல்லை. வெட்டக்கூடாததை விட்டுவைப்பதுதான் வித்தை. புரதங்களே நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் ஒரு கத்தி திறந்து கிடந்தால் வீடே காலியாகிவிடும். பிரெப்பின் உருவத்தை 2006-இல் பார்த்தபோது விடை கிடைத்தது. சிப்பி போல இரண்டு பாதிகள், நடுவே ஒரு பொந்து. துத்தநாக அணு பொருந்திய வெட்டும் இடம் அந்தப் பொந்துக்குள் ஒளிந்திருக்கிறது. சின்னத் துண்டு உள்ளே நுழையும், சிப்பி மூடும், கதை முடிந்தது. ஒழுங்காக மடிந்த முழுப் புரதம் உள்ளே போகவே முடியாது.

அப்போது கெட்டுப்போன முழுப் புரதத்தை யார் அகற்றுவது? அதற்கு லோன், எஃப்டிஎஸ்எச் என்று வேறு நொதிக் குடும்பங்கள். எஃப்டிஎஸ்எச் உள்சவ்வில் ஆறு அலகுகள் சேர்ந்த வளையமாக நிற்கும். ஏடிபியைச் செலவழித்து, சிக்கலான நூல்கண்டில் முனையைப் பிடித்து இழுப்பதுபோல் புரதத்தைப் பிரித்து உள்ளே இழுக்கும். இங்கும் கத்தி உள்ளேதான்.

எந்த நொதி எதைத் தின்கிறது என்று அறிய, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் அந்த நொதியை மட்டும் இல்லாமல் செய்து, எது குவிகிறது என்று பார்க்கிறார்கள். எஃப்டிஎஸ்எச் குடும்பத்தைச் சேர்ந்த எஃப்டிஎஸ்எச்4 இல்லாத செடியில் ஆக்சிஜனேற்றத்தால் கெட்ட புரதங்கள் குவிந்தன. ஆய்வகத்தின் வழக்கமான 22 டிகிரியில், நீண்ட பகலில், செடி பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது. 30 டிகிரிக்கு ஏற்றினால் குருத்து வளர்வதே நின்றுவிடுகிறது. அந்த நொதி உள்ள சாதாரணச் செடி அதே 30 டிகிரியைத் தாங்கிக்கொள்கிறது.

30 டிகிரியை இந்த ஆய்வுக் கட்டுரைகள் ‘மிதமான வெப்பம்’ என்கின்றன. 22 என்பது ஏற்காட்டுக் காற்று. 30 என்றால், சித்திரை வெயிலில் மலையிறங்கும் பஸ் அடிவாரத்தைத் தொடுவதற்கு முன்பே வந்துவிடும்.