பிளேலிஸ்ட் இருக்குண்ணா, பாட்டைத்தான் காணோம்

இந்த வைகாசி முகூர்த்தத்தில் மட்டும் இது மூன்றாவது. ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை மணி, ஷட்டரில் கை வைத்துவிட்டேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்து இறங்கினார். ஏழு மணிக்குக் காட்பாடி மண்டபத்தில் ரிசப்ஷன். அவருடைய லேப்டாப் உயிர் விட்டுவிட்டது, கையில் இருப்பது நண்பனுடையது. "பிளேலிஸ்ட் எல்லாம் பென்டிரைவ்ல இருக்குண்ணா, இதுல ஏத்திக் கொடுத்தா போதும்."

பென்டிரைவைத் திறந்தால் எம்3யூ என்ற பிளேலிஸ்ட் கோப்பு ஒன்றே ஒன்று. 19 கேபி.

வேலூரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சவுண்ட் சர்வீஸ்காரர்களும் டீஜே தம்பிகளும் நிறைய வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து, கடைசி முறையாக என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: பிளேலிஸ்ட் என்பது பாட்டு இல்லை. பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளுக்கு லிஸ்ட் எழுதுவோமே, அது மாதிரி. லிஸ்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரர்கள் எல்லாம் பையில் இருக்கிறார்கள் என்று சொல்வோமா? அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், என்ன பெயர், இவ்வளவுதான் வரிவரியாக இருக்கும். கணக்கும் எளிது. 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. நாலரை நிமிடப் பாட்டு 11 எம்பி வரும். 200 பாட்டு 2 ஜிபியைத் தாண்டும். அது 19 கேபியில் எப்படி அடங்கும்?

பாட்டு எல்லாம் குடியாத்தத்தில், வீட்டில் விட்டுவந்த லேப்டாப்பில். போய்வர நேரமில்லை. அன்றைக்கு போனில் இருந்ததை வைத்தே ஒப்பேற்றினார். மீதிப் பணத்தில் பெண் வீட்டார் கை வைத்துவிட்டார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

இதற்காகவே சின்னதாக ஒரு கருவி எழுதி வைத்திருக்கிறேன். டீஜேக்கள் பாட்டு ஓட்டும் மிக்ஸ் (Mixxx) என்ற மென்பொருளுக்கானது அது. மிக்ஸ் இலவசம், அதன் நூலகம் முழுவதும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் ஒரே கோப்பில் இருப்பதால் படிப்பது சுலபம். கருவி எந்தப் பாட்டையும் தொடாது. பிளேலிஸ்ட் பெயர், அதில் எத்தனை பாட்டு, அந்த விலாசத்தில் இப்போது எத்தனை பாட்டைக் காணோம், இவ்வளவுதான் காட்டும். போன வாரம் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன்: "ரிசப்ஷன், 204, காணோம் 61." முகம் வெளிறிவிட்டது. அந்த 61-ம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தவை. விண்டோஸ் அதற்கு அன்றைக்கு ஈ என்ற டிரைவ் எழுத்துக்குப் பதில் எஃப் கொடுத்திருந்தது. பாட்டு ஒன்றும் போகவில்லை, விலாசம்தான் மாறிவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தேன், இரண்டு நிமிட வேலை. நல்லவேளை, மிக்ஸ் 'மிஸ்ஸிங்' என்று காட்டியதை எல்லாம் பர்ஜ் கொடுத்து நூலகத்திலிருந்து துடைக்காமல் வந்தார். துடைத்திருந்தால் பாட்டில் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று அவர் குறித்து வைத்திருந்த கியூ பாயின்ட் எல்லாம் அதோடு போயிருக்கும்.

சொந்தமாக இப்படிக் கருவி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்ஸில் பிளேலிஸ்ட் அட்டவணையை அப்படியே கொட்டினால், நீங்கள் உருவாக்காத பட்டியல்கள் டஜன் கணக்கில் வந்து நிற்கும். அவை நீங்கள் இதுவரை வாசித்த பாட்டுகளின் வரலாறு. ஹிட்டன் (hidden) என்ற நெடுவரிசை பூஜ்யமாக இருப்பதை மட்டும் எடுங்கள். இன்னொன்று: மிக்ஸை மூடிவிட்டு, அந்தக் கோப்பை நகல் எடுத்து, நகலில் ஓட்டுங்கள். மண்டபத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மூலக் கோப்பில் கை வைக்கிற வீரம் வேண்டாம்.

ரெகார்ட்பாக்ஸ் (rekordbox) என்ற இன்னொரு டீஜே மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. 6-ஆம் பதிப்பிலிருந்து அதன் தரவுக் கோப்பு பூட்டியிருக்கிறது. கலெக்‌ஷனை எக்ஸ்எம்எல் ஆக ஏற்றுமதி செய்து அதைப் படியுங்கள். தமிழில் பெயர் வைத்த பாட்டுக் கோப்புகளின் விலாசம் அதில் சதவீதக் குறிகளாக வரிசை கட்டி நிற்கும். பதறாதீர்கள், கெட்டுப்போகவில்லை. ஆனால் சாதாரண எம்3யூவில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியானால் அது நிஜமாகவே போச்சு. எம்3யூ8 என்று சேமியுங்கள்.

அப்புறம், லேப்டாப் இல்லாமல் பென்டிரைவைச் செருகி வாசிக்கிற சிடிஜே (CDJ) பிளேயரில் வாசிப்பவர்கள் பாட்டுகளைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு "பிளேலிஸ்ட் வரலியே" என்று என்னிடம் வராதீர்கள். ரெகார்ட்பாக்ஸ் வழியாகவே ஏற்றுமதி செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பாட்டும் பட்டியலும் சேர்ந்தே போகும்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ராத்திரி, அதே லேப்டாப்பில் அதே ஹார்ட் டிஸ்க்கைச் செருகி ஒருமுறை எண்ணிப் பாருங்கள், தம்பிகளா. கருவி இல்லையென்றால் ஒவ்வொரு பிளேலிஸ்ட்டிலும் முதல் பாட்டு, நடுப் பாட்டு, கடைசிப் பாட்டு, மூன்றையும் தட்டிப் பாருங்கள். அப்போதும் காணோம் என்றால் காலையிலேயே கடைக்கு வாருங்கள். வரும்போது பழைய லேப்டாப்பையும், அது செத்தே போயிருந்தாலும், கையோடு தூக்கிக்கொண்டு வாருங்கள்.