கட்டவும் விடாது, கலைக்கவும் விடாது

"நித்தியகல்யாணி இலை புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுமாமே, அரைத்துக் குடிக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கொல்லும் என்பது உண்மை. குடிப்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற மருத்துவ ஆய்வாளர் இந்த இலையைக் கையில் எடுத்தது சர்க்கரை நோய்க்காக. எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணுக்கள்தான் சரிந்தன. அப்படியானால் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று தேடப்போய் வின்பிளாஸ்டின் என்ற மருந்து கிடைத்தது. அடுத்து வின்கிரிஸ்டின்.

செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் இழுக்கப்படுவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இழுப்பவை நுண்குழல்கள். டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் வரிசை கட்டி, பெரும்பாலும் 13 வரிசைகள் வட்டமாக ஒட்டி உருவாகும் இந்தக் குழலின் குறுக்களவு 25 நானோமீட்டர். அது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்பதுதான் வேடிக்கை. நுனியில் வளர்ந்துகொண்டே போகும், திடீரெனப் பொலபொலவென்று உதிரும், மீண்டும் வளரும். இருட்டில் சுவிட்சைத் துழாவும் கைபோல, இப்படி நீண்டும் சுருங்கியும்தான் குரோமோசோமைத் தேடிப் பிடிக்கிறது. பிடித்தபின் குழல் உதிர உதிர, அதன் முனையைப் பற்றியபடியே குரோமோசோம் நகர்கிறது. உதிர்வதே இழுவிசையாகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

நித்தியகல்யாணியின் மருந்து குழலின் நுனியில் ஒட்டிக்கொண்டு, புதிய துணுக்குகள் சேராமல் செய்கிறது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து நேர் எதிர்: குழலை உதிரவே விடாது. இதை 1979இல் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் சூசன் ஹார்விட்ஸ். எது நடந்தாலும் செல் பாதிப் பிரிவில் திகைத்து நின்று, பெரும்பாலும் மடிகிறது.

சரி, குடிக்கலாமா? கூடாது. நரம்பிழைகளுக்குள் சரக்குப் போக்குவரத்தும் இதே குழல்கள் வழியேதான் நடக்கிறது. அதனால்தான் வின்கிரிஸ்டின் ஏற்றப்பட்டவர்களுக்குக் கால் விரல்கள் மரத்துப்போகின்றன. ரத்தக்குழாய் வழியாக ஒரு தவணைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பதே வழக்கம். இலையிலோ ஆல்கலாய்டு எனப்படும் தாவர வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல், எது எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும். மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

கண்ணாடித் தட்டில் செல்லைக் கொன்றதோடு நின்றுவிடும் ஆய்வுகளிடமும்தான். மஞ்சளின் குர்குமின் தட்டில் அசத்துகிறது. விழுங்கினால் குடல் கொஞ்சமே உறிஞ்சுகிறது, அதையும் கல்லீரல் சீக்கிரமே உருமாற்றிவிடுகிறது. பணம் என் கையில் இருந்தால், இன்னொரு இலையைத் தட்டில் சோதிக்கத் தரமாட்டேன். உள்ளே போனது கட்டிவரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அளப்பவர்களுக்கே தருவேன்.